டெக்குக்குள் போன மழை

திருகோணமலையில் பைபர் வேலை தெரிந்த யாரைக் கூட்டி வந்து இளகிப்போன ஒரு படகு டெக்கை, அதாவது மேல்தளத்தைக் காட்டினாலும் அநேகமாக ஒரே வசனம்தான் வரும்: "மேலே ரெண்டு மேட் போட்டால் காணும்." மேட் என்றால் கண்ணாடி நாரை வெட்டிப் பரப்பிய விரிப்பு, ரெசின் என்ற பிசினில் ஊறி இறுகுவது. என்னுடைய மாமாவும் அதைத்தான் சொன்னார். அம்மாவின் தம்பி அவர். மீன்பிடிப் படகு கட்டியும் திருத்தியும் குடும்பத்தைக் கரையேற்றியவர். சின்ன வயதில் அவர் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே ரெசின் மணம் முன்னால் வந்துவிடும். அப்படிப்பட்டவர் சொன்னதை இலேசில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்த வசனம் என் மனதில் சரியாக உட்காரவில்லை. தென்மேற்குக் காற்று வீசும் போன கச்சான் காலம் முழுக்க அதைப் பற்றியே யோசித்தேன், மாமாவோடு கதைத்தேன், வாதாடினேன். படகு தண்ணீருக்குத் திரும்பிய பிறகும் அந்த யோசனை விடவில்லை.

படகு ஒரு சிநேகிதனுடையது. 1980களில் ஐரோப்பாவில் கட்டிய 32 அடிப் பாய்மரப் படகு. உலகம் சுற்றப் புறப்பட்ட யாரோ இங்கே விட்டுவிட்டுப் போக, கைமாறிக் கைமாறி இவனிடம் வந்து சேர்ந்தது. திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை மோட்டார் இரைச்சல் இல்லாமல் பாயில் கூட்டிப்போக வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. உள்துறைமுகத்தில் நங்கூரத்தில் கிடந்த அந்தப் படகின் இடது பக்க நடைபாதையில், பாய்மரத்துக்கு நேரே கால் வைத்தால் டெக் அமுங்கி எழும்பும். அமுங்கும்போது ஓரத்தில் நிற்கும் கம்பியின் அடியிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் ஒரு சொட்டு வெளியே வரும். அந்தச் சொட்டைப் பார்த்த பிறகுதான் இரண்டு மேட் என்ற கதையில் எனக்கு நம்பிக்கை போனது.

மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம்முடைய கரையில் ஓடும் 18 அடி பைபர் படகின் உடம்பு, மோட்டார் பூட்டும் பின்பலகையைத் தவிர, முழுக்க ஒரே தகடு. மேட்டும் ரெசினும் மாறி மாறிப் படிந்து இறுகியது, நடுவில் வேறு எதுவும் கிடையாது. அதில் வெடிப்பு வந்தால் கிரைண்டரால் உரசி, துடைத்து, காயவிட்டு, மேட் வைத்து ரெசின் பூசினால் அந்த இடம் முன்பிருந்ததைவிடத் தடிப்பாகிவிடும். காலையில் கரைக்கு இழுத்த படகு பின்னேரம் கடலுக்குப் போகலாம். போர்க்காலத்தில் எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு மோட்டார் பூட்டலாம் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. கிடைத்த நேரத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்க வழியில்லை. அந்தக் காலத்தில் வேலை பழகியவர்களுக்கு வேகமும் தொழில் திறமையில் ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்து குவிந்த படகுகளில் அவசரமாகக் கட்டிய, தரம் குறைந்தவையும் இருந்தன. அவற்றைப் பல வருசம் கடலில் நிற்க வைத்தது மாமாவைப் போன்றவர்களின் கைதான். ஆகவே அந்த வசனத்தைச் சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்கக்கூடாது. அது ஒரு படகுக்குச் சரியான வைத்தியம். இந்தப் படகுக்குச் சரிவராது, அவ்வளவுதான்.

நடுவில் இருக்கும் மரம்

இந்தப் பாய்மரப் படகின் டெக்கில் மேலே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் பைபர். கீழே, அறையின் கூரையாகத் தெரியும் பக்கத்தில், அதைவிட மெல்லிய இன்னொரு பைபர். இரண்டுக்கும் நடுவில் 12 மில்லிமீற்றர் தடிப்பில் பால்சா மரம். மனிதன் ஏறி நிற்கும்போது மேல் தோல் நெரிபடுகிறது, கீழ்த் தோல் இழுபடுகிறது. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்வதுதான் நடுவில் இருக்கும் மரத்தின் வேலை. ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, நடுவில் பாரமில்லாத ஒரு பொருளை ஒட்டி, மொத்தத் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் வளையாமல் நிற்கும் பலம் சுமார் 7 மடங்காகிவிடும். பாரம் கூடுவது மிகக் கொஞ்சம். பாய்மரப் படகில் உயரத்தில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் படகைச் சரிக்கப் பார்க்கும் என்பதால் டெக் பாரமில்லாமல் இருப்பது முக்கியம். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரித்தானியாவின் மொஸ்கிட்டோ விமானத்தின் உடம்பும் இதே உத்திதான்: மெல்லிய பிளைவுட் இரண்டுக்கும் இடையில் பால்சா.

பால்சா பெரும்பாலும் எக்குவடோரிலிருந்து வருகிறது. டெக்குக்குப் போடும்போது அதைப் பலகையாகக் கிடத்துவதில்லை. நார் நிமிர்ந்து நிற்கும்படி குறுக்கே அறுத்துச் சின்னச் சின்னக் கட்டிகளாக்கி, வலைபோன்ற ஒரு துணியில் ஒட்டி விரிப்பார்கள். டெக் கொஞ்சம் வளைவாக இருப்பதால் அந்த வளைவுக்குக் கட்டிகள் இணங்கிப் போகும். நார் நிமிர்ந்து நிற்பதால் தண்ணீர் ஓர் இடத்தில் புகுந்தாலும் பக்கவாட்டில் இலேசில் பரவாது என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ரெசினால் நிரப்பியிருக்க வேண்டும். கட்டிய இடத்தில் அதைச் சரியாகச் செய்யாவிட்டால் டெக்கின் வயிற்றுக்குள் முழுநீளத்துக்கும் வாய்க்கால் வெட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

இதில் எனக்குப் பெரிய பாடமாகத் தோன்றிய இன்னொரு விசயம் உண்டு. பால்சாவைத் தின்றது கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். மரத்தை உக்கவைக்கிற பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், கொஞ்சம் காற்றும் வேண்டும். உப்பு அதற்குப் பிடிக்காது. மரக்கப்பல் காலத்தில் டெக்கைக் கடல் தண்ணீரால் கழுவியதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்கு வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். அந்த வாடை மழை முழுவதையும் மூடாமல் வாங்கிக்கொண்டு, பிறகு கச்சான் வெயிலில் வெந்து, மறுபடியும் மழை வாங்கி நின்ற படகு இது. ஊர் முழுக்கக் கடலைத்தான் குற்றம் சொல்லும். கடலுக்கு இதில் பங்கு குறைவு.

இப்படிப்பட்ட டெக்கின் மேல் இரண்டு மேட் போட்டால் என்ன ஆகும்? மேல் தோல் கொஞ்சம் தடிக்கும். அமுக்கம் சில மாதம் நிற்கும். உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கும், வெளியே வரவும் வழியில்லாமல் போகும். சிநேகிதன் தன் பங்குக்கு யூடியூபில் பார்த்த வேறொரு வழியைச் சொன்னான்: மேல் தோலில் வரிசையாகத் துளை போட்டு ஊசியால் எபோக்சி என்ற இன்னொரு வகை ரெசினைச் செலுத்துவது. மேல் தோல் பிரிந்து, உள்ளே மரம் காய்ந்து நல்லபடி இருந்தால் அது வேலை செய்யும். ஊறி உக்கிய மரத்தில் எபோக்சி ஒட்டாது. போகிற எபோக்சி வெற்றிடத்தை நிரப்பி, சேற்றைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிவிட்டு நிற்கும். அவனுக்கு இது விளங்கியது, ஆனால் டெக்கை வெட்டுவது என்றதும் முகம் மாறிவிட்டது. சொந்தப் படகை அறுக்கச் சொல்லிச் சம்மதிப்பது இலேசான காரியமில்லை.

தட்டலும் வெட்டலும்

டெக்கைத் தட்டிப் பார்ப்பதில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. பலாப்பழம் வாங்குகிறவர் தட்டுவதைப்போல, ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். நல்ல இடத்தில் "டக்" என்று கூராகக் கேட்கும். பிரிந்த இடத்தில் "தொப்" என்று செத்த சத்தம். சோக்கட்டியால் எல்லை போட்டுக்கொண்டே வந்தார். முடிவில் கம்பியைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. "இவ்வளவுதான் தம்பி," என்றார். பிறகு உள்ளே இறங்கி, கீழ்த் தோலிலிருந்து மட்டும் சின்னத் துளைகள் போட்டு, ட்ரில் பிட்டில் சுற்றி வருகிற மரத்தூளைப் பார்த்தோம். மேல் தோலைத் தாண்டாமல் இருக்க பிட்டில் ரேப் (ஒட்டுநாடா) சுற்றி அளவு வைத்துக்கொண்டோம். வட்டத்தின் நடுவில் கறுத்த களி வந்தது. ஓரத்தில் மண்ணிற ஈரத்தூள். வட்டத்துக்கு வெளியே, மாமாவின் காதுக்கு "டக்" என்று கேட்ட இடத்திலும், விரலில் ஒட்டுகிற ஈரத்தூள்தான் வந்தது.

அங்கேதான் வாக்குவாதம் தொடங்கியது. தட்டல் சத்தம் தோல் மரத்தை விட்டுப் பிரிந்துவிட்டதா என்பதைச் சொல்லும். மரம் ஊறிவிட்டதா என்பதைச் சொல்லாது. ஊறிய பிறகும் ஒட்டிக்கொண்டு நிற்கிற பால்சா நல்ல மரம்போலவே சத்தம் போடும். அது உக்கிப் பிரிய இன்னும் கொஞ்சக் காலம் தேவை.

அறுப்பதற்கு முன்னால் உள்ளே முட்டுக் கொடுத்தோம். கூரையின் வளைவுக்கு ஏற்றபடி மாமா மரச்சட்டத்தைச் செதுக்கி, தரையிலிருந்து தடி நிறுத்தி, கீழ்த் தோலைத் தாங்க வைத்தார். மேலேயும் நடுவிலும் இருந்ததை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த மெல்லிய கீழ்த் தோல் மட்டும்தான். அது தொய்ந்த நிலையில் புது மரத்தை ஒட்டிவிட்டால் தொய்வும் சேர்ந்து நிரந்தரமாகிவிடும், பிறகு மழைத்தண்ணீர் அங்கேயே குளம் கட்டும். இந்த முட்டுக் கொடுக்கும் வேலையை நான் எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு வடிவாகப் பார்த்ததில்லை. அவர் கண்ணாலேயே வளைவை அளந்தார்.

வழுக்காமல் இருக்க வார்ப்பிலேயே போட்ட சொரசொரப்பான பகுதியின் ஓரத்தைப் பிடித்து, அறுக்கும் வாள் மேல் தோலை மட்டும் அறுக்கும்படி ஆழம் வைத்து வெட்டினோம். தகட்டு உளியை உள்ளே செருகி மெல்ல நெம்பினதும் மேல் தோல் ஒரு முணுமுணுப்புடன் எழும்பியது. பெரும்பகுதி அது தானாகவே விட்டுவிட்டது. உள்ளே கண்டதை இப்போதும் நினைவிருக்கிறது. நடுவில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நனைந்த பீடிப் புகையிலை நிறத்தில் களி. கையால் அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகியது. அதற்கு வெளியே கட்டிகள் உருவம் மாறாமல் வரிசையாக நின்றன, ஆனால் கட்டிகளுக்கு நடுவில் இருந்த கோடுகளில் தண்ணீர் பளபளத்தது. உளியால் ஒரு கட்டியை அமுக்கினால் பக்கத்துக் கோட்டில் தண்ணீர் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது.

"ஒட்டிக்கொண்டு நிக்கிறதை ஏன் பிய்க்கப் போறாய்?" என்றார் மாமா.

"ஈரமாக் கிடக்கே மாமா."

"காயும்."

"எந்த வழியாலை காயும்?"

அவர் பதில் சொல்லவில்லை. எழும்பிப்போய்த் தறப்பாள் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். சிநேகிதன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊறிய பால்சாவை விளக்கு வைத்தும், விசிறி வைத்தும், உறிஞ்சும் பம்ப் வைத்தும் காயவைக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. திறந்து கிடக்கிற ஓரம் காயும். இரண்டு தோலுக்கும் நடுவில் ஓர் அடி உள்ளே இருக்கிற கட்டி இலேசில் காயாது. எனக்கு அதில் சந்தேகமில்லை. வெளிறிய காய்ந்த தூள் வருகிற இடம் வரைக்கும் வெட்டிக்கொண்டு போவது என்ற முடிவில் நின்றேன்.

தண்ணீர் வந்த வழி

மாமா திரும்பி வந்தபோது வாக்குவாதத்தைத் தொடரவில்லை. வெட்டிய இடத்தின் ஓரத்தில் குந்தி, கட்டிகளுக்கு நடுவில் இருந்த கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். எல்லோரும் குற்றம் சுமத்தியது ஓரத்துக் கம்பியின் அடியில் இருக்கும் நட்டுப் போல்ட்டுகளை. ஈரம் அதைச் சுற்றித்தான் இருந்தது, டெக் இளகியதும் அங்கேதான். கம்பியில் கைபிடித்துத் தொங்கும்போது போல்ட் ஆடும், பூச்சு விடும், தண்ணீர் இறங்கும். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"தம்பி, இஞ்சை வா," என்றார். "இது பள்ளம். தண்ணி பள்ளத்திலை வந்து தங்கியிருக்கு. தண்ணி ஏறிப் போறேல்லை. உள்ளுக்கு மேட்டுப் பக்கத்துக் கோட்டிலும் ஈரம் கிடக்கு. அப்ப இது மேலையிருந்து வந்திருக்கு."

டெக் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிகிறது. கம்பி நிற்பது சரிவின் அடியில். அவர் விரல் ஈரக்கோட்டைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி, அறையின் சுவரோரம் போய் நின்றது. அங்கே டெக்கைக் கீறிக்கொண்டு ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகடு கீழே இறங்குகிறது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிவடம் பூட்டுகிற தகடு, செயின்பிளேட் என்பார்கள். பாயில் காற்று ஏறும்போது முழுப் பாய்மரத்தின் இழுவையும் அந்தத் தகட்டுக்குத்தான் வருகிறது. இழுவையில் தகடு மயிரிழை அசையும். அசைந்தால் சுற்றிப் பூசிய பூச்சு விடும். பூச்சு விட்டால் மழை இறங்கும். இறங்கிய மழை வெளியே தெரியாமல் கட்டிகளின் நடுவே சரிந்து ஓடி, ஓரத்துக் கம்பியின் அடியில் போய்த் தங்கி, அங்கே உக்கவைத்து, அங்கிருந்து தேத்தண்ணி நிறத்தில் எட்டிப் பார்த்திருக்கிறது.

பாய் ஏற்றும் கயிறுகளை எடுத்து இடது பக்கம் இறுக்கிக் கட்டிப் பாய்மரத்தை நிறுத்திவிட்டு, அந்தத் தகட்டைக் கழற்றினோம். டெக்குக்கு மேலேயும் கீழேயும் வெள்ளிபோல மினுங்கிய தகடு, டெக்கின் தடிப்புக்குள் மறைந்திருந்த விரலளவு இடத்தில் மட்டும் கபிலநிறமாகி, குழி குழியாக அரித்துப் போயிருந்தது. ஒரு குழியிலிருந்து குறுக்கே மயிர்க்கோடாக வெடிப்பு ஒன்றும் ஓடியிருந்தது. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் நிற்பது அதன்மேல் காற்றில் உள்ள ஒட்சிசன் உண்டாக்கும் மெல்லிய படையால். தண்ணீர் தேங்கி, காற்றோட்டம் இல்லாத இடுக்கில் அந்தப் படை திரும்ப உண்டாக வழியில்லை. அங்கே அது மற்ற இரும்பைப்போல அரிபடும், அதுவும் பரவலாக இல்லாமல் ஒரே இடத்தில் குழியாக.

சிநேகிதன் அந்தத் தகட்டைக் கையில் வாங்கினான். அதுவரை அவனுக்கு இது கால் அமுங்குகிற பிரச்சினை. திமிங்கிலம் பார்க்கப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கொட்டியார்க் குடாவுக்கு வெளியே நிற்கும்போது அந்த வெடிப்பு முற்றியிருந்தால், பாய்மரமே சரிந்து விழலாம். "எவ்வளவு வெட்ட வேணுமோ வெட்டுங்கோ," என்றான். அதற்குப் பிறகு யாரும் இரண்டு மேட் பற்றிப் பேசவில்லை.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான். மேலே இரண்டு மேட் போட்டிருந்தால் டெக் அமுங்காது. அமுங்காத டெக்கை யாரும் திறக்க மாட்டார்கள். அந்தத் தகடு அங்கேயே இருந்திருக்கும். இளகிய டெக் அந்தப் படகு எங்களுக்குக் காட்டிய ஒரே அறிகுறி. அதை மூடிவிடுகிற திருத்தத்தைத் திருத்தம் என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட்ட வேண்டும் என்று நின்றது நான். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தது மாமா. மீன்பிடிப் படகின் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும், மோட்டார் பூட்டும் போல்ட் துளையால் தண்ணீர் இறங்கி அந்தப் பிளைவுட் ஊதி உக்குவதை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். டெக்கைப் பின்பலகையாக நினைத்துப் பார்த்த நிமிசத்தில் எல்லாம் அவருக்கு வெளித்துவிட்டது.

கச்சான் வெயிலில் எபோக்சி

புது நடுப்பொருளுக்கு பால்சா தேடவில்லை. கொழும்பிலிருந்து பிவிசி ஃபோம் தகடு எடுப்பித்தோம். அதுவும் 12 மில்லிமீற்றர்தான். அது உக்காது. ஆனால் பாரம் ஏறும் இடங்களில், கம்பியின் அடியிலும் தகட்டைச் சுற்றியும், ஃபோம் போடாமல் எபோக்சியும் கண்ணாடித் துணியும் கொண்டு கெட்டியாக நிரப்பினோம். போல்ட்டை இறுக்கினால் ஃபோம் நெரிந்துவிடும்.

மாமாவிடம் மேட் கட்டுக் கட்டாக இருந்தது. அதை இந்த வேலைக்கு எடுக்கவில்லை. மேட்டில் வெட்டிய நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, மாமா வழக்கமாகப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரின் என்ற திரவத்தில்தான் கரையும். எபோக்சியில் ஸ்டைரின் இல்லை, அதனால் பசை கரையாமல் மேட் விறைத்துக்கொண்டே நிற்கும். தைத்த கண்ணாடித் துணிதான் எடுத்தோம். அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வெயில் ஏறினால் ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் குறைப்பார், மழை மூடினால் கூட்டுவார். பொலியெஸ்டரில் அது சரியான கைப்பக்குவம், நூற்றுக்கு 1, 2 என்று அந்த அளவுக்குள் ஏற்றி இறக்கலாம். எபோக்சியில் ரெசினும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று கணக்காகச் சேர்ந்து இறுகுகிறவை. குறைத்தால் பிந்தி இறுகாது, இறுகவே இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும். வெயிலுக்கு ஒரே வழி மெதுவான ஹார்ட்னரைத் தனியாக வாங்குவது. நகை நிறுக்கும் தராசுபோல ஒரு சின்னத் தராசு வைத்து மாமா நிறுத்துத் தர, நான் கலக்கினேன். யோகட் கப்பில் கலக்கியதை உடனே தட்டையான ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். ஆழமான கப்பிலேயே விட்டுவிட்டால் தன் சூட்டில் தானே கொதித்து, புகைந்து, கப்பையும் உருக்கிவிடும்.

எந்த நேரத்தில் பூசுவது என்பதிலும் யோசனை இருந்தது. விடியற்காலை குளிர்மையாக இருக்கும், ஆனால் பூசிய பிறகு வெயில் ஏற ஏற உள்ளே சிக்கிய காற்று விரிந்து குமிழ் விடும். பின்னேரம் நிழல் விழுந்த பிறகு பூசினால் சூடு இறங்கும்போது பொருள் எபோக்சியை உள்ளே இழுக்கும். ஆனால் இராப் பனி பட்டால் எபோக்சியின் மேல் மெழுகுபோல ஒரு படை வந்துவிடும். நாங்கள் பின்னேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். காலையில் வெறும் தண்ணீரும் தேய்க்கும் நாரும் கொண்டு அந்தப் படையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கழுவாமல் சான்பேப்பர் போட்டால் மெழுகை உள்ளேயே தேய்த்துவிடுவோம்.

மிச்சம் எல்லாம் நேரான வேலை. கீழ்த் தோலை உரசித் துடைத்து, முதலில் தனி எபோக்சி, அதன்மேல் சிலிக்கா கலந்து கட்டியாக்கிய எபோக்சியைப் பல்லுத்தகட்டால் இழுத்து, ஃபோமை வைத்து, அதற்குமேல் கழற்றிய பழைய மேல் தோலையே திரும்ப ஒட்டினோம். உரப்பையில் கடற்கரை மணல் நிரப்பிப் பாரம் வைத்தோம். அறுத்த கோட்டின் இரண்டு பக்கத்தையும் 3 மில்லிமீற்றர் தோலுக்கு 36 மில்லிமீற்றர் என்ற கணக்கில் சரிவாக உரசி, துணியைப் படிப்படியாக அகலமாக்கி மூடினோம். எபோக்சிக்கு மேல் ஜெல்கோட் என்ற வழக்கமான வெளிப்பூச்சு நம்பி ஒட்டாது என்பதால் இரண்டு பாகம் கலக்கும் பொலியுரெத்தேன் பெயின்ட்.

ஓட்டைகள்

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இங்கே நிறுத்திவிடுகிறார்கள். புது டெக் கல்லுப்போல நிற்கிறது, படம் எடுக்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் என்னைப் பொறுத்தவரை திருத்தம் இனித்தான். அந்த டெக்கில் கம்பிக்கும், கயிறு கட்டும் கிளீட்டுக்கும், கப்பிக்கும், ஜன்னலுக்கும் எத்தனையோ துளைகள். ஒவ்வொன்றும் பால்சாவின் வழியாக நேரே போகிறது. ஒவ்வொன்றுக்கும் மழைக்கும் நடுவில் நிற்பது ஒரு விரல் பூச்சு. அந்தப் பூச்சுக்கு ஆயுள் உண்டு.

செய்ய வேண்டியது புதிதில்லை, பொறுமை மட்டும் வேண்டும். போல்ட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, வளைத்த ஆணியை ட்ரில்லில் பூட்டித் துளைக்குள் சுற்றவிட்டு இரண்டு தோலுக்கும் நடுவில் உள்ள மரத்தைச் சுற்றிவரக் குடைந்தெடுக்க வேண்டும். கீழே ரேப் ஒட்டி, கட்டியாக்கிய எபோக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் போல்ட் அளவுக்குப் புதுத் துளை போட வேண்டும். இனிப் பூச்சு விட்டாலும் தண்ணீர் அறைக்குள் சொட்டும், மரத்தைத் தொடாது. அறைக்குள் சொட்டுகிற தண்ணீரைக் கண்ணால் காணலாம், அன்றைக்கே திருத்தலாம். மேலே துளையின் வாயைக் கொஞ்சம் அகட்டி, பிசைந்த மாப்போல ஒட்டும் பியூட்டைல் ரேப் வைத்து, போல்ட்டைத் திருகாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் இறுக்க வேண்டும். போல்ட் சுழன்றால் ரேப் கிழிந்துவிடும். குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கனைத் தயவுசெய்து டெக்கில் வைக்காதீர்கள். அது விட்ட இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது.

இந்த வேலைக்குப் புகழ் இல்லை. முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றும் மாறியதாகத் தெரியாது, கூலி கேட்கவும் கூச்சமாக இருக்கும். அதனால்தான் கட்டும்போதும் செய்யாமல் விடுகிறார்கள், திருத்தும்போதும் விடுகிறார்கள். புதுப் படகு கட்டுகிற இடத்தில் துளை ஒன்றுக்குச் சில நிமிசம் செலவழித்திருந்தால் முப்பது நாற்பது வருசத்துக்குப் பிறகு இந்தக் களியை நாங்கள் அள்ளியிருக்க மாட்டோம். எனக்கு இதில் கோபமே வருகிறது.

மாமா இப்போது தன் பட்டறைக்கு வருகிற மீன்பிடிப் படகுகளின் பின்பலகையில் மோட்டார் போல்ட் துளைகளை இதே மாதிரி குடைந்து நிரப்புகிறார். எபோக்சி விலை கேட்டால் முதலில் எல்லோரும் தயங்குகிறார்கள். ஒரு துளைக்கு எவ்வளவு கொஞ்சம் போகிறது என்று காட்டியதும் ஒத்துக்கொள்கிறார்கள். படகின் உடம்பில் வெடிப்பு என்றால் அவருக்கு இன்னும் இரண்டு மேட்தான், அதில் எனக்கும் மறுப்பில்லை.

சிநேகிதனின் படகில் இடது பக்கத் தகடுகள் முழுவதும் புதிது, 316 என்ற தரத்துத் துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. வலது பக்கம் தட்டினால் எல்லா இடத்திலும் "டக்" என்றுதான் கேட்கிறது. அந்தச் சத்தத்தை நாங்கள் மூன்று பேருமே நம்பவில்லை. அங்கேயும் கீழிருந்து துளை போட்டுத் தூளைப் பார்த்து, தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்த பிறகுதான் ஆட்களை ஏற்றுவது என்று முடிவாகியிருக்கிறது. ஃபோம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஹார்ட்னர் வாங்க வேண்டும். வாடை தொடங்குமுன் வலது பக்கத்தைத் திறக்கிறோம்.